கண்ணின் குற்றமா? வாசிப்பு இடர்பாடும் கண் அசைவுகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில், ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியையான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியது பத்தாம் வகுப்பில், பேச்சுப் போட்டிக்காக. மனனம் செய்த பேச்சை நடுவில் மறந்து அழுதுகொண்டு இறங்கினேன். இன்று கையில் தாள் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவளுக்குத் தாள் ஒரு தைரியம். அந்தத் தைரியம் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதிலும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையின் கண்கள் வரியில் நிற்காமல் அங்குமிங்கும் ஓடுகின்றன. அந்தக் கண்ணோட்டம் நோயா, நோயின் அடையாளமா?

இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை பிழையான பதில் சொன்னேன். அதற்கு ஒரு குடும்பம் விலை கொடுத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியையாகி நான்காவது வருடம். ஒரு கிராமத்துப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு. என் வகுப்பில் மிகவும் அமைதியான ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தலை வாரிப் பின்னி, கொப்பிக்கு உறை போட்டு, ஒருநாளும் பிந்தாமல் வருவாள். தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வாசி என்றால் எழுந்து நின்று தடங்கலில்லாமல் வாசிப்பாள். ஒருநாள் அவள் பக்கத்தில் நின்றேன். குரல் பாடத்தின் நடுப்பகுதியில் இருந்தது, கண் படத்தில் இருந்தது. நான் மெல்லப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அவள் பழைய பக்கத்தையே சொல்லிக்கொண்டு போனாள். முழுப் பாடத்தையும் காதால் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

புதிய பாடம் ஒன்றைக் கொடுத்து விரலை எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். அப்போது அவளுடைய கண்ணைக் கவனித்தேன். ஒரு சொல்லில் நின்றது, பின்னால் போனது, மேல் வரிக்குத் தாவியது, திரும்பவும் அதே சொல்லுக்கு வந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது என்று நினைத்தேன். தாயை அழைத்துச் சொன்னேன்: "அம்மா, பிள்ளையின்ரை கண்ணிலைதான் ஏதோ பிழை. ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

அவர்கள் ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. பெரியாஸ்பத்திரியில் பார்வை நல்லது என்று சொல்லிவிட்டார்கள். ரீச்சர் சொன்னவ, ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். ஓரிடத்தில் கண்ணுக்குப் பயிற்சி, இன்னோரிடத்தில் நிறக் கண்ணாடி. தாயின் ஒரு சோடி காப்பு அந்தச் செலவில் போனது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அதைவிடப் பெரிய இழப்பு, ஒரு வருடம். எட்டு வயதில் ஒரு வருடம் என்பது சின்ன விடயமல்ல. கடைசியில் தாய் வந்து கேட்டா: "கண்ணிலை ஒரு பிழையுமில்லையாம், ரீச்சர். இனி என்ன செய்யிறது?"

என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் படிக்கத் தொடங்கியதன் பலன்தான் இந்தப் பேச்சு.

முதலில், நல்லாக வாசிப்பவரின் கண் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வரியின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, தண்டவாளத்தில் ரயில் போவதுபோல வழுவழுப்பாகப் போகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. 1879 அளவில் பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் வைத்தியரின் ஆய்வுகூடத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. கண் பாய்ந்து பாய்ந்துதான் போகிறது. ஓரிடத்தில் நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். வாசிப்பு நடப்பது நிற்கும்போதுதான். அந்த ஜவால் தமது கடைசிக் காலத்தில் கண்பார்வையை இழந்தார் என்பது மனதை உறுத்தும் செய்தி.

ஆங்கிலம் வாசிப்பவர்களில் அளந்த கணக்கைச் சொல்கிறேன். ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் செக்கன். ஒரு தாவல் செக்கனில் முப்பதில் ஒரு பங்கு அளவு. ஒரு தாவலில் ஏழு முதல் ஒன்பது எழுத்துகள் கடக்கும். தேர்ந்த வாசகரின் கண்கூட நூறு தாவல்களில் பத்துப் பதினைந்து தடவை பின்னோக்கிப் போகும். ஆகவே பின்னால் போவது மட்டும் குற்றமல்ல.

ஏன் தாவவேண்டும்? எழுத்தைத் துல்லியமாகக் காணக்கூடிய இடம் கண்ணின் நடுவில் மிகச் சிறியது. கையை முழுவதும் நீட்டிப் பெருவிரலைப் பாருங்கள். அந்த விரலின் அகலம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் ஒரு பார்வையில் தெளிவாகத் தெரியும். ஆகவே அந்தச் சின்ன இடத்தைச் சொல்லுக்குச் சொல் நகர்த்த வேண்டியிருக்கிறது. தாவும் நேரத்தில் மூளை காட்சியை மங்கவைத்துவிடுகிறது. இதை வீட்டில் சோதிக்கலாம். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை நீங்கள் காணமாட்டீர்கள். பக்கத்தில் நிற்கும் மகள் காண்பாள்.

இனி வாசிப்பு இடர்பாட்டுக்கு வருவோம். டிஸ்லெக்சியா என்ற பெயரை 1887இல் தமது நூலில் வழங்கியவர் ஜேர்மனியைச் சேர்ந்த ருடோல்ப் பெர்லின். அவரும் கண் வைத்தியர். அவர் எழுதியது மூளை பாதிப்பினால் வாசிக்கும் ஆற்றலை இழந்த வளர்ந்தோரைப் பற்றி. பிள்ளைகளில் பிறவியிலேயே இது இருக்கலாம் என்று 1896இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதியவர் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர். அவர் விவரித்த பெர்சி என்ற பையனுக்கு வயது 14. கெட்டிக்காரன், அட்சரகணிதம் செய்வான், பார்வையும் நல்லது. ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்திருந்தால் பாடசாலையிலேயே இவன்தான் முதலாவதாக வந்திருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அந்தக் கட்டுரையில் இருக்கிறது. கிளாஸ்கோ நகரின் கண் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வூட் 1917இல் இதைப்பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

பாருங்கள், தொடக்கத்திலிருந்தே இது கண் வைத்தியர்களின் கைக்குத்தான் வந்திருக்கிறது. வாசிக்காத பிள்ளையைப் பெற்றோர் முதலில் கொண்டுபோவது கண் வைத்தியரிடம்தானே. ஆனாலும் பெர்லினும் ஹின்ஷெல்வூட்டும் கண் நலமாக இருக்கிறது, பிரச்சினை மூளை எழுத்தைக் கையாளும் விதத்தில் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். பெர்சியின் கண்ணிலும் மோர்கன் பிழை காணவில்லை. நூறு வருடத்துக்கு முன்பு கண் வைத்தியர்களே சொன்னதைக் கேளாமல் நான் ஒரு பிள்ளையைக் கண் வைத்தியரிடம் அனுப்பினேன்.

கண் அசைவைப் பதியும் கருவிகள் வந்தபின் ஒன்று உறுதியாயிற்று. இடர்பாடுள்ள பிள்ளைகளின் கண் ஒவ்வோரிடத்திலும் கூடுதல் நேரம் நிற்கிறது, தாவல் குறுகியது, பின்னோக்கிப் போவது அதிகம். நான் வகுப்பில் கண்டது உண்மைதான். ஆனால் எது காரணம், எது விளைவு?

1981இல் ஜோர்ஜ் பவ்லிடிஸ் என்ற ஆய்வாளர் எழுத்தே இல்லாத ஒரு சோதனையை வெளியிட்டார். வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக எரியும் விளக்குகளைப் பிள்ளைகள் கண்ணால் தொடர வேண்டும். இடர்பாடுள்ள பிள்ளைகளின் கண் அதிலும் தடுமாறியது என்றார். இது உண்மையானால் விளக்குகளை வைத்தே வாசிக்க முன்னமே பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம், கண்ணைப் பழக்கித் திருத்தியும் விடலாம். பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் 1983இல் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள் இதைத் திரும்பச் செய்துபார்த்தன. அவர்களுக்கு அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. விளக்கைத் தொடரும்போது இரண்டு சாராரின் கண்ணும் ஒரேமாதிரித்தான் போனது.

இன்னொரு விதமாகவும் சோதித்தார்கள். பத்து வயதான இடர்பாடுள்ள பிள்ளையைப் பத்து வயதான மற்றப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே வாசிப்பு மட்டத்தில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளையோடு ஒப்பிட்டார்கள். கண் அசைவுகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. இடர்பாடுள்ள பிள்ளைக்கு அவளுடைய மட்டத்துக்கு ஏற்ற இலகுவான பாடத்தைக் கொடுத்தபோது கண்ணும் அமைதியடைந்தது. நன்றாக வாசிப்பவருக்கு மிகக் கடினமான பாடத்தைக் கொடுத்தபோது அவருடைய கண்ணும் பின்னால் பின்னால் போயிற்று. கீத் றெய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் வாழ்நாள் முழுவதும் இதை ஆராய்ந்தவர். பெரும்பாலான பிள்ளைகளில் கண் அசைவு வாசிப்புச் சிரமத்தின் வெளிப்பாடேயன்றிக் காரணமல்ல என்பதே அவருடைய முடிவு.

இதை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடம் தேவையில்லை. எங்களில் பலர் சிங்களம் இரண்டாம் மொழியாகக் கொஞ்சம் படித்தவர்கள். கொழும்பில் பஸ்ஸிலிருந்து ஒரு சிங்களப் பெயர்ப்பலகையை வாசித்த அனுபவத்தை நினைத்துப்பாருங்கள். முதல் எழுத்தில் நிற்போம், அடுத்ததுக்குப் போவோம், சந்தேகம் வந்து திரும்புவோம். வாசித்து முடிக்க முன் பஸ் போய்விடும். அப்போது எங்கள் கண்ணில் பழுது வந்துவிட்டதா? பக்கத்தில் இருப்பவர் எங்கள் கண்ணைக் கவனித்து, "உங்களுக்குக் கண் பயிற்சி தேவை" என்று சொன்னால் சிரிப்போம். எங்களுக்குத் தேவை அந்த எழுத்துகளில் இன்னும் கொஞ்சம் பழக்கம். அந்தப் பிள்ளைக்கு அவளுடைய தாய்மொழியின் எழுத்தே சிங்களப் பலகைபோல இருந்தது. நான் கண்டது அதைத்தான்.

அப்படியானால் காரணம் எங்கே? பெரும்பான்மையான ஆய்வுகள் காட்டும் திசை ஒலி. பேச்சைத் துண்டு துண்டான ஒலிகளாகப் பிரித்து, அவற்றை எழுத்தோடு பொருத்தும் ஆற்றல். அதே 1983இல் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாசிக்கத் தொடங்காத வயதில் சொற்களின் ஒலி ஒற்றுமையைக் கண்டுகொள்ளச் சிரமப்பட்ட பிள்ளைகள் பின்னர் வாசிப்பிலும் பின்தங்கினார்கள். ஒலிகளை எழுத்தோடு சேர்த்துப் பயிற்றியபோது முன்னேறினார்கள்.

தமிழில் இதற்கு எங்களுடைய சொந்தச் சிக்கல்களும் உண்டு. 247 எழுத்துகள் என்று பெருமையாகச் சொல்கிறோம். 'கொ' என்று எழுதுகிறோம். கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு, பிறகு 'க', பிறகு அரவு. வாய்க்கு முதலில் வருவது 'க்', பிறகு 'ஒ'. கண்ணின் ஒழுங்கும் வாயின் ஒழுங்கும் வேறு. 'கௌ' என்பதில் வரும் குறி 'ள' போலவே இருக்கிறது. 'ண', 'ன' இரண்டும் சுழியின் எண்ணிக்கையில்தான் பிரிகின்றன. 'க' ஒன்றே 'கல்' என்பதில் ஒருவிதமாகவும் 'தங்கம்' என்பதில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. எங்களில் பலருடைய பேச்சில் 'ழ' என்பது 'ள' ஆகவே ஒலிக்கும். "போகவேண்டியிருந்தது" என்று ஒரே சொல்லாக நீட்டி எழுதுகிறோம், சின்னப் பிள்ளையின் கண் அதில் எத்தனை தடவை நிற்கவேண்டும்! "செய்யிறன்" என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் "செய்கிறேன்" என்று காண்கிறாள். பெரும்பாலான பிள்ளைகள் இதையெல்லாம் தாமாகவே தாண்டிவிடுகிறார்கள். சிலருக்கு ஒவ்வொரு படியையும் கைபிடித்துக் காட்டவேண்டும்.

கண்ணுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் முன்பு செய்த பிழையை மறுபக்கமாகச் செய்தவளாவேன். தூரப்பார்வைக் குறை, சோம்பற்கண், அருகில் பார்க்கும்போது இரு கண்ணும் ஒன்றுகுவியாமை போன்றவை எந்தப் பிள்ளைக்கும் வரலாம். அவை தலையிடியையும் களைப்பையும் தரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே கண்ணைக் கட்டாயம் சோதியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். எழுத்துகள் நெருக்கமாக இருந்தால் இடர்பாடுள்ள பிள்ளைக்குக் கூடுதல் சிரமம் என்பதும் தெரிந்த விடயம். 2012இல் இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டிக் கொடுத்தபோது பிழை குறைந்தது, வேகமும் கூடியது. காசு செலவில்லாத உதவி இது. ஆனால் கண் பயிற்சியாலும் நிறக் கண்ணாடியாலும் டிஸ்லெக்சியா மாறும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் அமைப்பும் கண் வைத்தியர்களின் அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன.

கண் அசைவு காரணமல்ல என்றாலும், அடையாளமாகப் பயன்படும். காய்ச்சல்மானி காய்ச்சலை மாற்றாது, ஆனால் காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும் அல்லவா? 2016இல் சுவீடனில் 185 பிள்ளைகள் வாசிக்கும்போது பதிந்த கண் அசைவுகளைக் கணினிக்குக் கொடுத்தார்கள். இடர்பாட்டு ஆபத்தில் உள்ளவர்களை அது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டியது. எங்கள் வகுப்பறையில் அந்தக் கருவி இல்லை. ஆனால் ஆசிரியையின் கண் இருக்கிறது. புத்தகத்துக்கு மேலால் பிள்ளையின் கண்ணைக் கவனிக்க ஒரு நிமிடம் போதும். அன்று நான் கவனித்தது சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை.

இது பெண்கள் பாடசாலை என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 1990இல் சலி ஷேவிட்ஸ் என்ற வைத்தியரும் குழுவினரும் அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் கண்ட விடயம் இது. பாடசாலைகள் இடர்பாடு உள்ளவர்கள் என்று தெரிவு செய்தோரில் ஆண்பிள்ளைகளே மிக அதிகம். ஆய்வாளர்கள் எல்லாப் பிள்ளைகளையும் தாமே சோதித்தபோது அந்தப் பெரிய இடைவெளி காணாமற்போனது. பின்வந்த சில ஆய்வுகளில் ஆண்பிள்ளைகள் ஓரளவு கூடுதலாக உள்ளனர். ஆயினும் பாடம் ஒன்றுதான். விளங்காவிட்டால் பெடியன் குழப்படி செய்கிறான், அவனைக் காண்கிறோம். பெண்பிள்ளை அமைதியாகப் பார்த்தெழுதுகிறாள், பாடமாக்குகிறாள், அவளைக் காண்பதில்லை. நல்ல பிள்ளை என்று பாராட்டி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வரை கொண்டுபோய்விடுகிறோம். பிறகு மொக்கு என்று பெயர் வைக்கிறோம்.

அந்தப் பிள்ளையின் கதையை முடிக்கவேண்டும். தாய் கேட்ட கேள்விக்குப் பிறகு பாடசாலை விட்டபின் ஒவ்வொருநாளும் அரை மணித்தியாலம் அவளோடு இருந்தேன். முதல் மாதம் புத்தகமே எடுக்கவில்லை. 'மரம்' என்றால் எத்தனை தட்டு? ம, ர, ம். 'ம' எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? கைதட்டி விளையாடினோம். பிறகு முற்றத்து மணலில் ஓர் எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினாள். ஒரு கிழமைக்கு இரண்டு மூன்று எழுத்துக்குமேல் போகவில்லை. 'கொ' வந்தபோது கொம்பையும் அரவையும் சேர்த்து ஒரே நிறச் சோக்கால் எழுதினேன். நான் பறித்த விரலைத் திருப்பிக் கொடுத்தேன், விரல் வைத்து வாசிக்கட்டும் என்று. பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, அவளுடைய வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி நானே சின்னச் சின்ன வசனம் எழுதிக் கொடுத்தேன். எட்டு ஒன்பது மாதம் சென்றபின் ஒருநாள் அவள் முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தை வாசித்தாள். மெதுவாக. கண் ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று முன்னுக்குப் போனது. கண்ணுக்கு நான் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை.

அவள் புலமைப்பரிசில் எடுக்கவில்லை. சாதாரண தரத்தில் இரண்டாம் தடவைதான் தமிழ் சித்தியடைந்தாள். இன்று இரண்டு பிள்ளைகளின் தாய், சொந்தமாகத் தையற்கடை வைத்திருக்கிறாள். இப்போதும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். கடிதம் வந்தால் இரண்டு தரம் வாசிப்பாளாம். ஆனால் தானே வாசிக்கிறாள், வேறொருவரிடம் கொடுப்பதில்லை. அவளுடைய தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் எண்டாலும் பாத்தனீங்கள், ரீச்சர்" என்றா. அந்தப் பெருந்தன்மைக்கு நான் தகுதியானவளா என்று இன்றும் தெரியவில்லை.

என் அன்பான சகோதரிகளே, நூற்றாண்டின் நினைவாக வாசலில் வளைவு கட்டப்போவதாக அறிந்தேன். நல்ல விடயம், நானும் என் பங்கைத் தந்திருக்கிறேன். அதனோடு ஒரு சிறிய வேண்டுகோள். ஆரம்பப் பிரிவில் ஓர் அறை, கிழமையில் இரண்டு பின்னேரம். எங்களில் ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறோம். ஒருவருக்கு ஒரு பிள்ளை, அரை மணித்தியாலம், ஒரு தட்டு மணல், பெரிய எழுத்துத் தாள் கொஞ்சம். முதலாவதாக வருபவர்களுக்கு எங்கள் கல்லூரியில் பரிசுக் குறைவில்லை. கடைசி வாங்கில் அமைதியாக இருப்பவளுக்குப் பக்கத்தில் இருக்கத்தான் ஆள் வேண்டும். முதலாவது ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வளைவில் கல்லூரியின் பெயரைப் பொறிப்பார்கள். அதற்குக் கீழால் உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையும் அதை வாசித்துக்கொண்டு வரவேண்டும் என்பதே எனது ஆசை.